மூன்றாம் ஓரம்

கமலா துணியை மடியில் விரித்ததும், லேஸ் போட மாடியில் கூடியிருந்த பெண்கள் ஊசிகளைக் கீழே வைத்தார்கள். வாயில் என்கிற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. ஒரு பெண் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு தொழுவதற்கான நீளமும் அகலமும் இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை நூலில் விசிறி விசிறியாக லேஸ் ஓடியிருந்தது. நீள ஓரம் ஒன்று முடிந்து, குறுக்கு ஓரம் ஒன்று முடிந்து, மூன்றாம் ஓரத்தில் இரண்டு சாண் போனதும் நின்றுவிட்டிருந்தது. நின்ற இடத்தில் கடைசிக் கண்ணி அவிழ்ந்துவிடாமல் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. அதை மாட்டிய நூர்ஜகான் அடக்கமாகி இரண்டு மாதம் ஆகிறது.

துணியைக் கொண்டுவந்து கொடுத்தது அவள் கணவர் பக்கீர் முகமது பாய்தான். கீழே ஜவுளிக்கடை அவருடையது. மனைவி இருந்தவரை புதன்கிழமை மத்தியானங்களில் இந்த மாடிப் பக்கமே வரமாட்டார். பெண்கள் கூட்டத்தில் தனக்கு என்ன வேலை என்று டீயை மட்டும் கடைப்பையனிடம் கொடுத்தனுப்புவார். இன்று பையைத் தானே தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அடுத்த மாசம் இருபத்தொம்போது பிர்தௌஸுக்கு நிக்கா. அவங்கம்மா அதுக்குன்னு போட்டது இது. பாதில நிக்குது. நீங்க யாராவது..." என்று சொல்லிக்கொண்டே வாசற்படியிலிருந்தே பையைக் கமலாவிடம் நீட்டினார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

ஐந்து பேர் இருந்தார்கள். ஆறு நாற்காலி. கண்ணகிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதில் பை வைக்கக்கூட எவருக்கும் கை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது, ஊருக்குள் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

அந்த எதிர் நாற்காலிக்கு ஒரு கதை உண்டு. கண்ணகிக்கு இடதுகைப் பழக்கம். பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கிறவளுக்கு இது லேசான விஷயமில்லை. சாமிக்கு வாங்குகிற பூவை ஒருத்தி பீச்சாங்கையால் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வாங்க வந்தவர்கள் அடுத்த கூடைக்கு நடந்துவிடுவார்கள். அதனால் அவள் பூவையெல்லாம் கருணாபுரத்தில் வீட்டுக்குள்ளேயே கட்டி முடித்து எடுத்து வருவாள். ஸ்டாண்டில் முழம் அளப்பது மட்டும்தான், அதுவும் வலது கையால். முப்பது வருஷமாக ஒளித்து வைத்த இந்தக் கையை ஒரு நாள் நூர்ஜகான் பார்த்துவிட்டாள். கடைக்குப் பூ கொடுக்க வந்த இடத்தில் ஒரு சரம் அறுந்துபோக, கண்ணகி அவசரத்தில் அங்கேயே உட்கார்ந்து இடது கையால் முடிச்சுப் போட்டதைப் பார்த்து, "மாடிக்கு வர்றியா? ஊசி நூலு தர்றேன், லேஸ் போடக் கத்துக்க" என்றாள். புருஷன் தமிழரசன் போய் மூன்று மாதமான நேரம் அது. அந்த ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துப் போனவர்களில் அவனும் ஒருவன். பூ வாங்குகிறவர்கள்கூட "நீயும் அந்தத் தெருவா?" என்று ஆரம்பித்துத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூர்ஜகான் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத காரணத்துக்காகவே கண்ணகி மாடியேறினாள்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஓடவில்லை. எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுபோல நூர்ஜகான் பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்டினாள். கொக்கி ஊசி வலமிருந்து இடமாகப் போகும். கண்ணகியின் கையோ இடமிருந்து வலமாகத்தான் வரும். நூல் முறுக்கிக்கொண்டு நிற்கும், கண்ணகி தலையைக் குனிந்துகொள்வாள். நான்காவது வாரம் நூர்ஜகான் தன் நாற்காலியைத் தூக்கி எதிரே போட்டாள். "கண்ணாடி பாக்கற மாதிரி என்னியப் பாரு. என் கை எந்தப் பக்கம் இருக்குதோ உன் கையும் அந்தப் பக்கமே இருக்கட்டும். நா போற பக்கமே வா" என்றாள். அன்று சாயந்திரத்துக்குள் கண்ணகி முதல் விசிறியை முடித்தாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலி அங்கேயே இருந்துவிட்டது.

பூக்கட்டிய கை என்பதால் கண்ணகியின் லேஸ் இறுகிப்போய்த் தகடுபோல நிற்கும். "இது மல்லி இல்லடி, உதிர்ந்துறாது. கொஞ்சம் வுடு. ஓட்டதான் லேஸு, நூலு அதைச் சுத்தி நிக்கற வேலி" என்று நூர்ஜகான் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் இன்னொன்றும் சொல்லுவாள். அதுதான் அந்த மாடியின் சட்டம். அடுத்தவள் வேலையில் தப்பைப் பார்த்தால் வாயால் சொல்லக் கூடாது, நூலைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். தப்பு நடந்த இடம் வரைக்கும் பொலபொலவென்று பிரிந்து வந்துவிடும். "வாயால சொன்னா மனசு நோவும். நூலை இழுத்தா நூலு மட்டுந்தான் போவும்" என்பது அவள் கணக்கு. இழுக்கப்பட்டவள் முகம் சுளிக்கக் கூடாது, சிரித்துக்கொண்டே நூலைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நூர்ஜகான் எல்லோருடையதையும் இழுத்திருக்கிறாள். மாடிக்கு வருகிற ராஜாம்பாளின் தலையணை உறை ஒன்று பதினோரு முறை இழுபட்டு, கடைசியில் அந்த நூலே கறுத்துப்போனது.

கமலா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். பத்து ஏக்கர் வீட்டுக்காரி. நூர்ஜகானுக்கு அடுத்தபடியாக வேலை சுத்தம் அவளுடையதுதான். அவள் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் கை மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் ஓரத்தை விரலால் தடவினாள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு விசிறிகள். இரண்டாம் ஓரமும் அப்படியே. மூன்றாம் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது சரிப்படாது" என்றாள். "பாருங்க, இங்க கண்ணி ஒன்னு பெருசு ஒன்னு சிறுசு. ஒரு விசிறிக்கு ஏழு இருக்கணும், இதுல ஆறுதான் கெடக்குது, இதுல எட்டு. பொண்ணு போத்திக்கினு நிக்கறப்ப எல்லார் கண்ணும் அங்கதான் போவும். இந்த ரெண்டு சாணையும் இழுத்துட்டு, மூலையிலேர்ந்து நா போட்டுத் தர்றேன். நூர்ஜகானே இருந்திருந்தா இழுக்கத்தான் சொல்லுவா."

அது உண்மைதான். கமலா ஊக்கைக் கழற்ற விரலைக் கொண்டுபோனாள்.

கண்ணகி எழுந்து வந்து ஊக்கின்மேல் கையை வைத்தாள்.

"இழுக்காதீங்க கமலாக்கா."

"ஏன்?"

கண்ணகி ஊக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "நா முடிச்சித் தர்றேன்" என்றாள்.

"நீ எதிர்ப்பக்கமாப் போடறவ. அவ இப்படி வந்துக்கினு இருக்கா, நீ இப்படிப் போவ. எப்படிச் சேரும்?" என்று ராஜாம்பாள் கேட்டாள்.

"அவங்க ஆரம்பிச்ச மொனைல நா ஆரம்பிச்சி, எதிர்ப்பக்கமா சுத்தி வர்றேன். வந்து இங்க சேந்துக்கறேன்."

"அப்ப இந்த ரெண்டு சாணு?"

"அது அப்படியே இருக்கட்டும்."

கமலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "அன்னிக்கி நீ இழுத்தப்ப அது செரி. இன்னிக்கி நா இழுத்தா தப்பா?"

அறையில் மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். கண்ணகி துணியை மடித்துப் பையில் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மாசி மாதம் நடந்தது அது. நூர்ஜகான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இந்தத் துணியில் மூன்றாம் ஓரம் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணகி தன் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒரு விசிறி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதற்கு முந்தியதும்தான். ஒன்றரை வருஷமாகத் தன் வேலையை இழுத்து இழுத்துப் போட்டவளின் கையில் தப்பு. அதில் கண்ணகிக்குச் சந்தோஷம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். எட்டி நூலைப் பிடித்தாள். "இன்னாக்கா, கை தளந்து போச்சா? எனக்குச் சொல்லிட்டு நீங்களே இப்படிப் போட்டா?" என்று சொல்லி ஒரே இழுப்பு. இரண்டு சாண் லேஸ் சரசரவென்று பிரிந்து மூலை வரைக்கும் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். வாத்தியாரம்மாவையே இழுத்துட்டா என்று ராஜாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நூர்ஜகானும் சிரித்தாள். "நல்லதுதான். இழுத்துட்டியா, செரி" என்றாள். சுருண்டு கிடந்த நூலைக் கண்டில் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு முறை அது அவள் விரலிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அன்று முழுக்க மற்றவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. இரண்டு சாண் நூலுக்காகவா இத்தனை கோபம் என்று கண்ணகி முதலில் நினைத்தாள். எல்லோருடையதையும் இழுத்தவளுக்குத் தன்னுடையதை இழுத்தால் மட்டும் பொறுக்கவில்லை பார் என்று மனசுக்குள் ஏசவும் செய்தாள். சித்திரை வாக்கில்தான் கடையில் வேலை செய்கிற பெண், முதலாளியம்மாவுக்கு உடம்பு சுகமில்லை, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள், யாரையும் பார்க்க விடவில்லை என்று சொன்னாள். கண்ணகி வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு முழம் மல்லி கொடுத்தனுப்பினாள். ஒரு நாளும் அது திரும்பி வரவில்லை. அதையே கோபம் தீர்ந்து ராசியானதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டாள். ஆவணியில் ஒருநாள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

துணியை வாங்கிவந்த மறுநாள் காலை வியாபாரம் முடிந்ததும் கண்ணகி அந்தப் பையோடு நூர்ஜகான் வீட்டுக்குப் போனாள். அதே நூல் வேண்டும். கடையில் கேட்டால் வேறு வெள்ளையைக் கொடுத்துவிடுவார்கள், வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை. கதவைத் திறந்தது பிர்தௌஸ். ஜன்னதுல் பிர்தௌஸ் என்று முழுப்பெயர். சங்கராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மாவின் மூக்கும் அம்மாவின் நிதானமும் அப்படியே இருந்தன. அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மூன்று நூல்கண்டும், கொக்கி ஊசியும், ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன.

"இது எதுக்கு?" என்று கண்ணகி பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"அம்மாவுக்குத்தான் ஆன்ட்டி. மருந்து ஏத்த ஏத்த விரலு மரத்துப்போச்சு. டாக்டர் சொன்னாங்க, அந்த மருந்துக்கு அப்படித்தான் ஆவும்னு. நூலு கையில இருக்குதா இல்லையான்னே தெரியாது. கண்ணால பாத்துப் பாத்துதான் போடுவாங்க." பிர்தௌஸ் துணியை விரித்து மூன்றாம் ஓரத்தை எடுத்தாள். "இந்த ரெண்டு சாணுதான். நாலு மாசம் இதையேதான் போட்டாங்க. பங்குனில ஆரம்பிச்சி ஆடி வரைக்கும். ஒரு நாளைக்கி ஒரு கண்ணி, ரெண்டு கண்ணி."

கண்ணகி பூதக்கண்ணாடியை டப்பாவில் வைத்தாள்.

"மாசிலயே மருந்து ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"தை மாசத்துலயே. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அப்பல்லாம் கொஞ்சம் நல்லாத்தான் போட்டாங்க. இதே எடத்துல ரெண்டு சாணு போட்டு வெச்சிருந்தாங்க ஆன்ட்டி, இதவிட ரொம்ப நல்லா இருந்திச்சி. நா பாத்தேன். மாடில யாரோ இழுத்துட்டாங்களாம். யாருன்னு கேட்டேன், சொல்லல. தப்பு இருந்திச்சி, இழுத்தாங்க, அவ்ளோதான்னு சொல்லிட்டாங்க."

வெளியே ஆட்டோ ஒன்று போயிற்று. கண்ணகி டப்பாவை மூடினாள். இப்போது சொல்லியிருக்க வேண்டும். நான்தான் என்று ஒரே ஒரு சொல். அந்தப் பெண் எதிரில் நிற்கிறது, அம்மாவின் மூக்கோடு. கண்ணகியால் முடியவில்லை.

"உங்க பூவு வரும் வெள்ளிக்கெழமயில" என்று பிர்தௌஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெச்சிக்க முடியாது. தலையில முடியில்லயே. ஜன்னல் கம்பில தொங்கவுடச் சொல்லுவாங்க. காய்ஞ்சப்பறமும் எடுக்கவுட மாட்டாங்க."

கண்ணகி டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பது தெருமுனை வரை வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் வேலையை ஆரம்பித்தாள். நூர்ஜகான் முடிச்சுப் போட்டுத் தொடங்கிய மூலையில் தன் ஊசியைக் கோத்து, எதிர்த்திசையில் குறுக்கு ஓரத்தைப் பிடித்தாள். தினமும் மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்து, கைகால் கழுவி, கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இதை வைத்துப் போடுவாள். கருணாபுரத்து வீட்டில் வெள்ளையை வெள்ளையாக வைத்திருப்பது பெரும்பாடு. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். பத்து நாளில் குறுக்கு ஓரம் முடிந்தது. மூலையைத் திருப்பி மூன்றாம் ஓரத்தில் இறங்கினாள். தூரத்தில் ஊக்கு தெரிந்தது. அவள் விசிறிகள் வரிசை வரிசையாக, இறுக்கமாக, ஒன்றுபோல ஒன்று, அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

பாதி ஓரத்தில் அவள் நின்றாள். துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து தன் விசிறிகள் திடமாக வருகின்றன. அந்தப் பக்கத்தில் நூர்ஜகானின் விசிறிகள் சாய்ந்தும் தொய்ந்தும், ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக நிற்கின்றன. இரண்டும் இப்படியே போய்ச் சேர்ந்தால், தன்னுடையது நூர்ஜகானுடையதைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடியும் ஒருமுறை எல்லோர் முன்னாலும் இழுத்த மாதிரி ஆகிவிடும். எட்டு விசிறிகளைப் பிரித்துவிட்டுக் கையைத் தளர்த்திப் போட்டுப் பார்த்தாள். முடியவில்லை. முப்பது வருஷம் காம்பை நெரித்துப் பழகிய விரல். தளர்த்து என்று சொன்னால் இரண்டு கண்ணி தளரும், மூன்றாவது கண்ணியில் பழையபடி இறுகும். வேண்டுமென்றே ஒன்றைப் பெரிதாகப் போட்டால் அது வேண்டுமென்றே போட்டதாகவே தெரிந்தது.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் காலை ஸ்டாண்டில் மல்லி வந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, பூவை அள்ளிக் கூடையில் கொட்டியபோது அடியில் இருந்த ஐஸில் கை பட்டது. பூவைப் பொறுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் கையை அங்கேயே விட்டிருந்தாள். வெளியே எடுத்தபோது, விரலில் ஒட்டியிருந்த மொட்டு விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. கூடையில் பார்த்த பிறகுதான் விழுந்தது என்று தெரிந்தது. அவள் அப்படியே குந்தியிருந்தாள். "இன்னா பூக்கார அம்மா, மொழம் இன்னா வெல?" என்று ஒருவர் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மிச்ச ஐஸைத் தூக்குவாளியில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வாளியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு கை விரல்களையும் அதில் அமிழ்த்தினாள். முதலில் வலித்தது. பிறகு குத்தியது. பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். ஊசி கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நூல் விரலில் ஓடுவது தெரியவில்லை. ஒரு கண்ணியை இழுத்தால் எங்கே நிறுத்துவது என்று விரல் சொல்லவில்லை, கண்தான் சொல்ல வேண்டும், கண் சொல்வதற்குள் கண்ணி பெரிதாகிவிட்டது. எண்ணிக்கை தவறியது. ஏழு என்று நினைத்துப் போட்டது ஆறாக இருந்தது. இப்படித்தானா அக்கா, என்று கண்ணகி வாய்விட்டுக் கேட்டாள். ஒரு விசிறி முடிப்பதற்குள் கழுத்து விண்ணென்று தெறித்தது, கண்ணில் நீர் முட்டியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு, நூர்ஜகான் இப்படித்தான் இரண்டு சாண் போட்டிருக்கிறாள். அதைத்தான் தான் ஒரே இழுப்பில் இழுத்தாள். அதற்குப் பிறகு இதைவிட மோசமான விரல்களோடு மறுபடி மூலையிலிருந்து தொடங்கியிருக்கிறாள், சட்டத்தைப் போட்டவள் அதை மீறக் கூடாது என்று. கண்ணகி கட்டிலில் தலையைச் சாய்த்து அழுதாள். புருஷன் செத்தபோதுகூடச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அழுகை தெருவோடு தெருவாகப் போயிற்று. இது அவளுக்கு மட்டுமேயான அழுகை.

விரலில் உணர்வு திரும்பியதும் அந்த விசிறியைப் பார்த்தாள். கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் தொய்ந்து இருந்தது. இழுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டாள். தினமும் ஒரு வாளி ஐஸ். தினமும் நான்கு, ஐந்து விசிறி. ஊக்கு பக்கத்தில் வர வர வாளியில் கையை இன்னும் அதிக நேரம் வைத்திருந்தாள். புதன்கிழமைகளில் அவள் மாடிக்குப் போகவில்லை. ராஜாம்பாள் பஸ் ஸ்டாண்டில் வழிமறித்து, "எங்கடி ஆளையே காணோம், முடிச்சிடுவியா?" என்று கேட்டபோது, "முடிச்சிடுவேன்" என்று மட்டும் சொன்னாள். நுனி விரல்களின் தோல் வெடித்திருந்தது. பனிக்காலம்தானே என்று பார்த்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

மருதாணி வைப்பதற்கு முதல் நாள் முற்பகல், விரற்கடை இடைவெளி மட்டும் பாக்கியிருக்க, கண்ணகி துணியைப் பையில் போட்டுக்கொண்டு நூர்ஜகான் வீட்டுக்குப் போனாள். கையில் தூக்குவாளியும் இருந்தது. வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனை. பிர்தௌஸ் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல் கம்பியில் காய்ந்த சரம் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

துணியைக் கட்டிலில் விரித்தார்கள். பிர்தௌஸ் ஓரத்தோடு விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் ஓரத்துக்கு வந்து அங்குமிங்கும் தேடினாள்.

"அம்மா போட்டது எது, நீங்க போட்டது எதுன்னு தெரியல ஆன்ட்டி."

"ஊக்கு இருக்குது பாரு. அதுக்கு அந்தப் பக்கம் அவங்க. இந்தப் பக்கம் நானு."

"எப்படி இப்படிப் போட்டீங்க?"

கண்ணகி வாளியைப் பார்த்தாள். அதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது வேறு. இதற்கு மேலும் சொல்லாமல் அந்த ஊக்கைக் கழற்றினால் கை விளங்காது என்று தோன்றியது.

"பாப்பா. அன்னிக்கி மாடில இழுத்தது நாந்தான்."

பிர்தௌஸின் விரல் ஓரத்தின்மேல் நின்றது.

"தெரியாது எனக்கு. கை தளந்துட்டுதுன்னு கிண்டல் பண்ணி இழுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. உங்கம்மாவும் சிரிச்சாங்க. அவங்க மேல ஒரு தப்பு கண்டுபுடிச்சிட்டேன்னு எனக்குப் பெருமையா இருந்திச்சி. அதுதான் நெசம். நாலு மாசம் அவங்க கஷ்டப்பட்டது என்னாலதான்." துணியை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ கமலாக்கா கையில குடுத்து இழுக்கச் சொன்னாலும் செரி. வேணாம்னு தூக்கிப் போட்டாலும் செரி. இத சொல்லாம நா இந்தக் கண்ணிய எடுக்க முடியாது."

முன்னறையில் யாரோ பிர்தௌஸைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கண்ணகியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஒரு தடவை ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தாள். கண்ணகி எழுந்து போய்விடலாமா என்று நினைத்துப் பையைத் தேடினாள்.

பிர்தௌஸ் மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணகிக்குப் பக்கத்தில் போடவில்லை. நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தைத் தன் மடிக்கு இழுத்து, ஊக்கை மெதுவாகத் திறந்து வெளியே எடுத்தாள். நான்கு மாதமாக மாட்டியிருந்த இடத்தில் நூலில் மெல்லிய துருக்கோடு ஒன்று விழுந்திருந்தது. கண்ணி திறந்துகொண்டு நின்றது. பெரிய கண்ணி, சுண்டுவிரல் நுழையும் அளவு.

கண்ணகி குனிந்து வாளியைத் திறந்து இடது கையை ஐஸில் அமிழ்த்தினாள். பிர்தௌஸ் அதைப் பார்த்தாள். அந்தக் கை வெளியே வரும்வரை, கண்ணி சுருங்கிவிடாமல் இரண்டு விரல் நுனியால் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.